அட்லஸ் மலையும் வாதி ரம் மணலும்: நடந்து பார்க்கப் போகிறவர்களின் கேள்விகள்

மொரோக்கோவின் அட்லஸ் மலைக் கிராமங்களிலும் ஜோர்தானில் வாதி ரம் போன்ற பாலை வழிகளிலும் உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து போகும் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இவை. பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினரோடு சேர்ந்து போகத் திட்டமிடுகிறவர்களே கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

நல்லூர் வாசகர்: மராக்கேஷிலிருந்து இரண்டே நாளில் துப்கால் மலை உச்சிக்கு ஏற்றி இறக்குவதாக ஒரு முகவர் சொல்கிறார். நானும் தம்பியும் பாரிசில் இருக்கும் மச்சானும் போக நினைக்கிறோம். மலை ஏறிப் பழக்கமில்லை. இரண்டு நாள் போதுமா?

போதாது. பணத்தைக் கொடுக்க முன் உயரங்களை ஒருமுறை பாருங்கள். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2524 மீற்றர். துப்கால் 4167 மீற்றர், வட ஆபிரிக்காவிலேயே உயர்ந்த மலை. உச்சிக்குப் போவதற்கு முதல் இரவு படுக்கும் மலைத் தங்குமிடமே 3207 மீற்றரில் இருக்கிறது. அதாவது பிதுருதலாகல உச்சிக்கு மேலே இன்னும் ஏறத்தாழ 700 மீற்றர் ஏறித்தான் படுக்கவே போகிறீர்கள். இரண்டு நாள் திட்டத்தில், 460 மீற்றர் அளவில் இருக்கும் மராக்கேஷிலிருந்து காலையில் வாகனத்தில் புறப்பட்டு, 1740 மீற்றரில் உள்ள இம்லில் கிராமத்தில் இறங்கி, பொழுதுபடுவதற்குள் தங்குமிடத்துக்கு நடந்துவிட வேண்டும். ஒரே நாளில் உடம்பு 2700 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. மறுநாள் விடியப்புறம் இன்னும் 960 மீற்றர் ஏறி, அன்றைக்கே இம்லில் வரை 2400 மீற்றருக்கு மேல் இறங்கவும் வேண்டும்.

உயரம் கூடக் கூட ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. அதற்கு உடம்பு பழக நாள்கள் வேண்டும். இளவயதோ, பந்து விளையாடும் உடம்போ அந்த நாள்களைக் குறைத்துத் தராது. 3000 மீற்றருக்கு மேலே போனால், படுக்கும் உயரம் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையில் 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. தலையிடியோடு சத்தி வருவது போலிருந்தால், சாப்பாடு பிடிக்காமல் தலை சுற்றினால், அதற்கு மேல் ஓரடியும் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. அசெட்டசோலமைட் குளிசை உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்தே எடுப்பார்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் எடுக்கக்கூடாது. விரல் நுனி விறைக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குளிசையை உங்கள் வைத்தியரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் சொல்லும் திட்டம் இதுதான். முதல் நாள் இம்லிலுக்குப் போய் அங்கேயே படுங்கள், பின்னேரம் அக்ரோட் மரங்களுக்கிடையே சும்மா நடவுங்கள். இரண்டாம் நாள் 2489 மீற்றர் உயரமான திசி ம்சிக் கணவாயைத் தாண்டி தம்சுல்த் பக்கம் இறங்கி, 2250 மீற்றர் அளவில் படுங்கள். மூன்றாம் நாள் 3500 மீற்றருக்கு மேலே உள்ள அகெல்சிம் கணவாயைக் கடந்து தங்குமிடத்துக்கு இறங்குங்கள். படுக்கும் உயரம் அன்று 500 மீற்றருக்கு மேல் கூடுகிறதுதான், ஆனால் பகலில் உயர ஏறி, இரவில் பதிவாகப் படுக்கிறீர்கள், உடம்பு பழகுவதற்கு அது உதவும். நான்காம் நாள் விடிய நான்கு, ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மூன்று நான்கு மணித்தியாலத்தில் உச்சி. அன்றே இம்லில் போய்ச் சேராமல் முடிந்தால் தங்குமிடத்தில் இன்னோர் இரவு படுங்கள். உச்சிக்குப் போகும் வழி முழுக்க உதிரிக் கல். இறங்கும்போது களைத்த முழங்கால்தான் வழுக்கி விழுத்துகிறது.

நவம்பரிலிருந்து ஏப்ரல் கடைசி வரை மேலே உறைபனி கிடக்கும். அந்தக் காலத்தில் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள்ளும் பனிக் கோடரியும் இல்லாமல் ஏற முடியாது, அவற்றைப் பாவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். உங்களைப் போல முதல்முறை போகிறவர்களுக்கு மே பிற்பகுதி, ஜூன், செப்ரெம்பர், ஒக்ரோபர் நல்லது. இன்னொன்று: 2018 டிசம்பரில் இம்லிலுக்கு அருகில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் கொல்லப்பட்ட பின்னர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் துப்காலுக்குப் போக விடுவதில்லை. வழியில் காவலரண்களில் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். அதை மராக்கேஷ் விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மொரோக்கோ விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு என்றால் மச்சானுக்குத் தேவையில்லை. ஆகவே பயணச்சீட்டு வாங்குவது உங்கள் விசா வந்த பிறகே.

கொடிகாமம் வாசகர்: வழிகாட்டி உண்மையானவரா என்று இங்கிருந்தே எப்படி அறிவது?

மொரோக்கோவில் வழிகாட்டி வேலைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. நகரங்களுக்கும் சுற்றுலா வழிகளுக்கும் ஒரு வகை உரிமம், மலை, பாலை போன்ற இயற்கைப் பகுதிகளுக்கு இன்னொரு வகை. மராக்கேஷ் சந்துகளைக் காட்டும் உரிமத்தோடு மலைக்குக் கூட்டிப்போக முடியாது. மலை வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஐத் புகுமேஸ் பள்ளத்தாக்கில், தபன்த் என்ற ஊரில் இருக்கிறது. ஆகவே உரிம அட்டையின் படத்தை அனுப்பும்படி கேளுங்கள், எந்த வகை என்று பாருங்கள், அட்டையிலுள்ள ஆளே உங்களோடு வருவாரா என்றும் கேளுங்கள். பேசும்போது ஒருவர், மலையடியில் இன்னொருவர் என்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அதோடு இந்தக் கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? சமையல்காரர் தனியாக வருகிறாரா? எத்தனை பேருக்கு ஒரு கோவேறு கழுதை? கழுதைக்காரர்கள் இரவில் எங்கே படுப்பார்கள், அவர்களின் சாப்பாடு உங்கள் விலைக்குள் அடங்குமா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் மற்றவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். விலை மிகக் குறைவாக இருந்தால், குறைத்தது யாருடைய கூலியில் என்று யோசியுங்கள். அநேகமாகக் கழுதைக்காரருடையதில்.

பொதிக்கு ஆளுக்கு 15 கிலோதான் வழக்கம். மெத்தென்ற துணிப்பையில் கட்டுங்கள். சில்லுப் பெட்டியின் மூலை கழுதையின் விலாவில் குத்திப் புண்ணாக்கும், கழுதைக்காரர் அதை ஏற்ற மறுப்பது நியாயமே. புறப்படும் காலையில் கழுதையின் முதுகையும் கடைவாயையும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் வழிகாட்டியிடம் தணிவாகச் சொல்லி வேறு கழுதை கேட்கலாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது எத்தனை மீற்றர் உயரம் வரை செல்லும் என்ற வரியை வாசியுங்கள். பல ஒப்பந்தங்கள் 3000 மீற்றருக்குக் கீழேயே நின்றுவிடும்.

சுன்னாகம் வாசகி: நாங்கள் வீட்டில் மச்சம் சேர்ப்பதில்லை. பத்து நாள் அங்கே என்ன சாப்பிடுவது? குஸ்குஸ் சைவச் சாப்பாடுதானே?

குஸ்குஸ் எப்படி அவிகிறது என்று தெரிந்தால் ஏன் கவனம் தேவை என்பது விளங்கும், அம்மா. அது எங்கள் புட்டுக்கு மிகக் கிட்டிய உறவு. அகன்ற தட்டில் கோதுமை ரவையைப் பரப்பி, உப்புத் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மா தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டி உருட்டி மணியாக்குவார்கள். நாங்கள் நீத்துப்பெட்டியில் வைப்பது போல, அடியில் துளையுள்ள பாத்திரத்தில் அதைப் போட்டு ஆவியில் வைப்பார்கள். இரண்டு பாத்திரமும் பொருந்தும் இடத்தில் ஆவி வெளியே போகாமல் மாவில் நனைத்த துணியைச் சுற்றுவார்கள். ஆவி மேலே வந்து கால் மணித்தியாலம் போனதும் தட்டில் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, தண்ணீரும் எண்ணெயும் தெளித்து, திரும்பவும் ஏற்றுவார்கள். இப்படி மூன்று தரம். வெள்ளிக்கிழமைகளில் வீடுகள் தோறும் இதுதான். ஆனால் எங்கள் புட்டுப்பானைக்குள் வெறும் தண்ணீர் கொதிக்கிறது. அங்கே கீழ்ப்பானையில் கொதிப்பது ஆட்டிறைச்சிக் குழம்பு. மேலே மரக்கறியை மட்டும் அடுக்கித் தந்தாலும், மணி அவிந்தது அந்த ஆவியில், கடைசியில் ஊற்றுவது அந்தக் குழம்பை. தஜீன் என்னும் மண்சட்டிக் கறியிலும் இதே கதைதான். மேலே கரட், பூசணி, உருளைக்கிழங்கு, அடியில் எலும்பு. ஹரீரா கஞ்சி பருப்பும் கடலையும் தக்காளியும் சேர்ந்தது, பார்த்தால் நோன்புக் கஞ்சி போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள்.

சொல்லும் முறையில்தான் பாதி இருக்கிறது. மொரோக்கோ அரபில் “ப்லா ல்ஹம்” என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் ல்ஹம் என்றதும் ஆடும் மாடும் மட்டும் மனதில் வருகிறவர்கள் உண்டு. கோழிக்கு “ப்லா தஜாஜ்”, மீனுக்கு “ப்லா ஹூத்” என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லிப் பயனில்லை, பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். மலையில் சமையல்காரர் சாமான் வாங்குவது புறப்பட முன்தான். அதற்கு மேலே கடை கிடையாது. தெரிந்திருந்தால் தனிச் சட்டியில் வைப்பார், அவருக்கு அது கஷ்டமே இல்லை. கிராமத்து வீடொன்றில் விருந்துக்குக் கூப்பிட்டால் வழிகாட்டி முதல் நாளே சொல்லியனுப்ப வேண்டும். அடுப்பில் ஏற்றிய பிறகு மறுத்தால் அந்த வீட்டுப் பெண்ணின் மனம் நோகும்.

பயமின்றிச் சாப்பிடக்கூடியவையும் நிறைய உண்டு. பிஸ்ஸாரா என்பது காய்ந்த அகல அவரைப் பருப்பை மசித்து, மேலே ஒலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டது, குளிர்க் காலைக்கு இதை விஞ்சியது இல்லை. ஸாலூக் என்பது கத்தரிக்காயும் தக்காளியும் மசித்தது. லூபியா வெள்ளை அவரைக் குழம்பு, அதில் இறைச்சி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்லூ என்பது வறுத்த வாதுமையை ஆர்கான் எண்ணெயிலும் தேனிலும் அரைத்தது, சுடச்சுடப் பாணோடு தருவார்கள். ஜோர்தானில் இன்னும் சுலபம்: பலாஃபல், ஹும்முஸ், பருப்பும் சோறும் சேர்ந்த முஜத்தரா. அங்கே கவனிக்க வேண்டியது வாதி ரம் முகாம்களின் ஸர்ப். மணலில் குழி தோண்டித் தணலின் மேல் தட்டுகளை அடுக்கி மூடி அவிப்பார்கள். இறைச்சியும் மரக்கறியும் ஒரே குழிக்குள், கொழுப்பு கீழே சொட்டும். உங்கள் மரக்கறியைத் தாளில் சுற்றி மேல் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு அடுப்பில் கேளுங்கள்.

வழித் தின்பண்டமாகப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கச்சானும் கட்டிக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் பசிக்கும்போது வாய்க்குப் பழகியது உள்ளே இறங்கும். கழுதைக்காரரோடும் பகிருங்கள், பனங்கட்டியை அவர்கள் தேத்தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள்.

பருத்தித்துறை வாசகர்: யாழ்ப்பாணம் தட்டை நிலம். மலைக்கு எங்கே பயிற்சி எடுப்பது?

பாலைக்குப் பயிற்சி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. மணற்காட்டு மணற்குன்றுகளில் வாரம் மூன்று நாள், ஐந்து ஆறு கிலோ முதுகுப்பையோடு ஒரு மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். குன்றில் நேரே ஏறாதீர்கள். முகட்டுக் கோட்டைப் பிடித்து, காற்று அடித்து இறுகிய பக்கத்தில், முன்னால் போனவரின் அடியில் அடி வைத்து ஏறுங்கள். சகாராவிலும் அப்படித்தான் நடப்பார்கள். மலைக்கு மாடிப்படி. நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றில் அரை மணித்தியாலம் ஏறி இறங்கினால் போதும், ஆனால் இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள், தொடைத் தசை பலப்படுவது அதில்தான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னே சிவனொளிபாதமலை ஒருதரம். ஏறியதைவிட இறங்கிய பிறகு முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அது வீங்கினால் நடைத்தடி இரண்டு வாங்குங்கள்.

சப்பாத்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடம் அலுமாரிக்குள் இருந்த மலைச் சப்பாத்து வெளியே புதிதாகத் தெரியும். அடிப்பாகத்தில் நடுவே இருக்கும் மெத்தைப் பொருள் எங்கள் ஊர் ஈரக்காற்றில் உள்ளேயே உக்கிவிடும். இரண்டாம் நாள் நடையில் அடி மொத்தமாகக் கழன்று கையில் வரும். மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்று எடுத்துப் போகாதீர்கள். சப்பாத்தை வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் வெடிப்போ தூளோ தெரிந்தால் விடுங்கள். புதியது வாங்கினால் ஆறு வாரம் அணிந்து பழகுங்கள். பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கிய நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னே இடித்தால் நகம் கறுத்துவிடும்.

மானிப்பாய் வாசகி: மராக்கேஷிலிருந்து மூன்று நாள் சகாராப் பயணம் என்று விளம்பரம் பார்த்தேன். நடக்கலாமா?

நடப்பது ஒரு மணித்தியாலம், மிச்சம் வாகன இருக்கை. மராக்கேஷிலிருந்து சகாரா மணலோரத்து ஊரான மெர்சூகா ஏறத்தாழ 550 கிலோமீற்றர், 2260 மீற்றர் உயரமான திசி ந் திஷ்கா கணவாய் வழியே வளைந்து வளைந்து போக வேண்டும். ஒருவழிக்கே ஒன்பது பத்து மணித்தியாலம் ஓடும். வழியில் ஐத் பென்ஹத்தூ மண்கோட்டைக் கிராமத்தில் கொஞ்ச நேரம் இறக்கிவிடுவார்கள், 1987 முதல் உலக மரபுரிமைச் சின்னம், அதற்கே அரைநாள் வேண்டும். மணலில் நடக்கத்தான் ஆசை என்றால் ஆறு ஏழு நாள் ஒதுக்கி, தார்வீதி முடியும் மஹமீத் ஊரிலிருந்து ஒட்டகப் பொதியோடு எர்க் ஷிகாகா மணற்குன்றுகள் வரை நடவுங்கள். அத்தனை நாள் இல்லையென்றால் பாலையை விட்டுவிட்டு மலையில் நடப்பதே மேல். மராக்கேஷுக்குப் பக்கத்தில் “பாலைவனம்” என்று விற்கப்படும் அகாஃபே கல்லும் மண்ணுமான மேட்டு நிலம், மணற்குன்று அங்கே இல்லை.

அராலி வாசகர்: ஜோர்தானில் தானாவிலிருந்து, பாறையில் குடைந்த பழைய நகரமான பெத்ரா வரை நடக்கும் வழி பற்றிச் சொல்லுங்கள். வாதி என்றால் ஆறா?

உங்கள் ஊருக்கு விளக்குவது சுலபம். வழுக்கையாறு எப்படி மாரியில் மட்டும் ஓடி மற்றக் காலத்தில் தரையாகக் கிடக்கிறதோ, வாதியும் அப்படி. ஒரு வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. வழுக்கையாற்றில் தண்ணீர் பரவி மெதுவாக வரும். வாதியில் இரண்டு பக்கமும் கற்சுவர், மண் தண்ணீரை உறிஞ்சாது. இருபது முப்பது கிலோமீற்றர் தள்ளி மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே சுவராக வந்து இறங்கும். 1963 ஏப்ரலில் பெத்ராவின் சீக் என்ற ஒடுங்கிய பாறைவழியில் இருபதுக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து பெத்ராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே அங்கு வாழ்ந்த நபாத்தியர்கள் சீக் வாசலில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தைத் திருப்பி வைத்திருந்தது சும்மா இல்லை. ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை வழிகாட்டி “இன்றைக்கு வாதி வேண்டாம்” என்றால் மறுபேச்சு வேண்டாம். வாதிப் படுகையில் கூடாரம் அடிக்கவே கூடாது.

வடக்கே உம் கைஸிலிருந்து தெற்கே அகபாக் கடல் வரை நீளும் ஜோர்தான் நடைவழி ஏறத்தாழ 675 கிலோமீற்றர். முழுவதற்கும் நாற்பது நாள் அளவில் வேண்டும். அதில் மிக அழகான துண்டு தானாவிலிருந்து பெத்ரா வரை, நான்கைந்து நாள். ஆயிரம் மீற்றருக்கு மேலுள்ள தானா கிராமத்திலிருந்து ஃபெய்னானுக்கு இறங்கும் முதல் நாளிலேயே மரம், புல், முள், வெறும் கல் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். கடைசி நாளில் சின்னப் பெத்ரா பக்கமாக வந்து பின்வழியாகத் தேயிர் என்ற மடாலய முகப்பில் இறங்கலாம். வாகனத்தில் வந்தவர்கள் 800க்கு மேற்பட்ட படி ஏறி மூச்சு வாங்கி நிற்கும் இடத்துக்கு நீங்கள் மேலிருந்து வருவீர்கள். ஆனால் நுழைவுச்சீட்டு அந்தப் பின்வழியில் விற்பதில்லை, வாதி மூசா என்ற ஊரிலுள்ள முதன்மை வாசலில் முன்னரே எடுத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 50, இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60 தினார். கணக்கைப் பாருங்கள், ஒரு நாள் சீட்டு எடுப்பது வீண்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர், வெக்கைக் காலத்தில் இன்னும் கூட. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும். ஊரிலிருந்து ஜீவனிப் பக்கற்றுகள் பத்துக் கொண்டுபோங்கள், பின்னேரம் ஒரு லீற்றரில் ஒன்று. ஊற்றுத் தண்ணீரைக் குளோரின் குளிசை போட்டு அரை மணித்தியாலம் வைத்துத்தான் குடிக்க வேண்டும். மலையில் கொதிக்க வைத்தால் குமிழி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: நாங்கள் மூன்று பெண்கள். உடை, மலசலகூடம், பள்ளிவாசல் பற்றிச் சொல்லுங்கள்.

இங்கே உடுக்கும் சல்வாரே போதும். தளர்வான பருத்தி, முழுக்கை, துப்பட்டா. வெயிலுக்கும் மணலுக்கும் அதுவே நல்லது, கிராமத்துப் பெண்களும் உடனே சிரிப்பார்கள். பெண் மலை வழிகாட்டிகள் மொரோக்கோவில் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டால் கிடைக்கலாம். பெண் வழிகாட்டியோடு போனால் வீடுகளின் அடுக்களை வரை கதவு திறக்கும், அதற்காகவே கேளுங்கள்.

கிராமத் தங்குமிடங்களில் குந்தியிருக்கும் மலசலகூடமும் வாளித் தண்ணீரும், எங்களுக்கு அது பழக்கம். வெளியில் என்றால் ஓடை, வாய்க்காலிலிருந்து அறுபது மீற்றராவது தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். பாவித்த கடதாசியையும் பஞ்சுகளையும் இறுகக் கட்டும் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். மாதவிடாய்ப் பொருட்கள் மலையில் கிடையாது, கணக்காக எடுத்துப் போங்கள்.

மொரோக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசல்களுக்குள் போவதில்லை. கசபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் விதிவிலக்கு, அங்கே வழிகாட்டியோடு பார்க்கலாம். துப்கால் வழியிலுள்ள சிதி ஷம்ஹரூஷ் அடக்கத்தலத்தையும் வெளியே நின்றே பார்க்க வேண்டும். ஜோர்தானில் அம்மான் நகரின் முதலாம் அப்துல்லா பள்ளிவாசலுக்குள் முக்காடிட்டுப் போகலாம்.

சாவகச்சேரி வாசகர்: அப்பாவுக்கு 64 வயது, சீனி வருத்தம். அவரையும் கூட்டிப் போகலாமா?

துப்கால் வேண்டாம். 1800 மீற்றர் அளவிலுள்ள ஐத் புகுமேஸ் பள்ளத்தாக்கில் நாளுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் ஊர் ஊராக நடக்கலாம். ஏறிப் போக ஒரு கழுதையையும் கூடப் பேசிக்கொள்ளுங்கள், களைத்தால் ஏறுவார். வயல்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகத்தான் பாதை. ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விட முறையும் நேரமும் வகுத்திருப்பார்கள், துலா மிதித்த தலைமுறைக்கு அதைப் பார்ப்பதே ஒரு பொழுது. வாய்க்கால் வரம்பை மிதித்து உடைக்காமல் நடக்க வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், பொதியில் போனால் பகலில் வெந்து இரவில் உறையும். கால் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளம் வருவது தெரியாது, ஒவ்வோர் இரவும் பாதத்தை நீங்களே ரோச் அடித்துப் பாருங்கள். தேத்தண்ணீரைச் சீனி போட்டே காய்ச்சுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பேர்பர், பெதூயின் இரண்டும் ஒன்றா? அவர்களின் மொழி அரபுதானா?

ஒலி கிட்டியதால் வரும் மயக்கம், ஐயா. பெதூயின்கள் அரபு பேசும் பாலை மக்கள், ஜோர்தானில் நீங்கள் காண்பது அவர்களை. பேர்பர் என்று வெளியார் அழைப்பவர்கள் அரபிகள் வருமுன்பே வட ஆபிரிக்காவில் வாழ்ந்தவர்கள். தங்களை அமாசிக் என்பார்கள், பன்மையில் இமாசிகன். அட்லஸில் அவர்கள் பெரும்பாலும் ஊரூன்றிய கமக்காரர். படிவயல், அக்ரோட், அப்பிள், ஆடு. அவர்களின் தமாசிக்த் மொழி அரபு அல்ல, வேறு கிளை. துப்கால் பக்கத்தில் பேசுவது அதன் தஷெல்ஹித் வழக்கு. திஃபினாக் என்ற சொந்த எழுத்தும் உண்டு. 2011 அரசியலமைப்பில் மொரோக்கோ தமாசிக்தை அரச மொழியாக்கியது, 2016இல் அல்ஜீரியாவும். வீதிப் பலகைகளில் அரபு, பிரெஞ்சோடு வட்டமும் கோடுமாகத் தெரிவது அந்த எழுத்துத்தான்.

“அசூல்” என்றால் வணக்கம், “தன்மிர்த்” நன்றி, “அமன்” தண்ணீர், “அக்ரும்” பாண். அத்ரார் மலை, திசி கணவாய், அசிஃப் ஆறு. இந்த மூன்றும் தெரிந்தால் வரைபடத்தில் பாதிப் பெயர்கள் தாமே பொருள் சொல்லும். தமாசிக்த் மட்டுமே பேசும் மூதாட்டிகள் மலையில் உண்டு. அவர்களிடம் அரபில் நன்றி சொல்வதைவிட ஒரு தன்மிர்த் நெருங்கிப் போகும்.

கோண்டாவில் வாசகர்: ட்ரோன் கொண்டு போகலாமா? நோன்புக் காலத்தில் போகலாமா?

ட்ரோன் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் மொரோக்கோ சுங்கத்தில் பறித்து வைத்துக்கொள்வார்கள், ஜோர்தானிலும் அப்படியே. நோன்புக் காலத்தில் போகலாம், ஆனால் வழிகாட்டியும் கழுதைக்காரரும் பகலில் தண்ணீரும் குடிக்காமல் ஏறுவார்கள், ஆகவே நடையைக் காலைக்குள் முடியுங்கள். 2027இல் நோன்பு பெப்ரவரி 8 அளவில் தொடங்கும். அதைவிடத் தவிர்க்க வேண்டியது ஹஜ்ஜுப் பெருநாள், 2027இல் மே நடுப்பகுதி. அந்த நாள்களில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கழுதையும் கிடைக்காது, கடையும் திறக்காது.

கரவெட்டி வாசகி: 2023 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தக் கிராமங்களுக்குப் போவது சரியா? பிள்ளைகளுக்கு ஏதும் கொண்டுபோகலாமா?

போங்கள். 2023 செப்ரெம்பர் 8 இரவு, 6.8 அளவிலான அதிர்ச்சியில் ஏறத்தாழ 3000 பேர் இறந்தார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் படுத்தவர்கள் மேலேயே சரிந்தன. வழிகாட்டிக் கூலியும் தங்குமிட வாடகையும்தான் அங்கே பல வீடுகள் எழும்ப உதவும் காசு. இடிந்த வீட்டின் முன்னே நின்று படம் எடுக்காதீர்கள். வழியில் பிள்ளைகளுக்கு இனிப்போ பேனையோ கொடுக்காதீர்கள், பள்ளிக்கூடம் விட்டுப் பாதையில் நிற்கப் பழகிவிடுவார்கள். கொப்பி, குளிருடுப்பு கொடுக்க விரும்பினால் வழிகாட்டி மூலம் ஊர்ச் சங்கத்திடமோ ஆசிரியரிடமோ சேருங்கள்.

உரும்பிராய் வாசகர்: போகும் இடமெல்லாம் தேத்தண்ணீர் தருவார்களாமே. மறுத்தால் மரியாதைக் குறைவா?

முதல் கிளாஸை மறுக்காதீர்கள். அட்லஸில் அதைப் போடும் ஒழுங்கையே பார்த்திருக்கலாம். சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்ட சீனப் பச்சைத் தேயிலை ஒரு கரண்டி, அதன்மேல் கொஞ்சம் கொதிநீர். அந்த முதல் சாயத்தை ஒரு கிளாஸில் ஊற்றி ஒதுக்கி வைப்பார்கள், மணமெல்லாம் அதில்தான். இரண்டாவதாக ஊற்றும் தண்ணீரைக் குலுக்கிக் கொட்டிவிடுவார்கள், கசப்பும் தூசும் அதோடு போய்விடும். பிறகு ஒதுக்கியதைத் திரும்ப விட்டு, தண்ணீர் நிரப்பி, கட்டிச் சீனியை உடைத்துப் போட்டுத் தணலில் வைப்பார்கள், கடைசியில் ஒரு கை புதினா. கரண்டியால் கலக்குவதில்லை. கிளாஸில் ஊற்றித் திரும்பக் கேத்தலுக்குள் விட்டு, மறுபடி ஊற்றி விட்டுத்தான் கலப்பார்கள். பிறகு உயரத் தூக்கி ஊற்றினால் மேலே நுரை நிற்கும். நுரை இல்லாவிட்டால் அதைப் பரிமாற மாட்டார்கள்.

ஜோர்தான் பெதூயின் கூடாரத்தில் ஏலக்காய் மணக்கும் கோப்பி, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் இரண்டு வாய் அளவு வரும். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் வாயால் சொல்லத் தேவையில்லை, குடித்து முடித்த கோப்பையை இரண்டு மூன்று தரம் இலேசாக ஆட்டிக் கொடுங்கள். ஆட்டாமல் நீட்டினால் திரும்ப ஊற்றுவார்கள்.